ஒப்பந்த வேலை என்றால் மகப்பேற்றுச் சம்பளம் கிடையாதா?

(வேலைக்குப் போகும் பெண்களும் மகப்பேறும் என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், நிகழ்ச்சி நெறியாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் தாயின் நலம், சேயின் நலம் பற்றிச் சொன்னார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட பகுதி பணம். அதிலும் நிரந்தர வேலையில் இல்லாத, ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிற பெண்களுக்குப் பிரசவ காலத்தில் சம்பளம் உண்டா, இல்லையா என்பதுதான் கேள்வி.

நான் வழக்கறிஞர் அல்ல. பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு நிகழ்ச்சி நடத்த வந்தவள். ஆனால் ஒப்பந்த வேலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் துறையில் பலருக்கு நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சிதான் கையெழுத்து. பதின்மூன்று வாரத் தொடர் முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்துவிடும். மேக்கப் அறையில் நாங்கள் பேசிக்கொள்வதும், பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்காமார்கள் பேசிக்கொள்வதும் ஒன்றேதான். "நாம கான்ட்ராக்ட்தானே, நமக்கெல்லாம் எங்கே அது கிடைக்கும்?"

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி நம் பெண்கள் எவ்வளவு பணத்தைக் கைவிடுகிறார்கள் என்று முதலில் கணக்குப் பார்ப்போம். 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் 38 சென். மகப்பேறு விடுமுறை 98 நாள். பெருக்கிப் பாருங்கள், 6,400 ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது! குறைந்த சம்பளக்காரருக்கே இவ்வளவு. பால்மாவு, மருத்துவச் செலவு, வீட்டு வாடகை என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் காலத்தில் இது சின்னத் தொகையா?

சட்டம் நாளைத்தான் எண்ணுகிறது

தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரியது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். 'அக்தா கெர்ஜா' என்று மலாயில் சொல்வார்கள். சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனிச் சட்டங்கள் உண்டு. வேலைச் சட்டத்தின் 37ஆவது பிரிவு மகப்பேறு பற்றியது. முன்பு 60 நாளாக இருந்த விடுமுறை 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாக உயர்ந்தது. இது பலருக்குத் தெரியும். தெரியாதது அடுத்த பகுதிதான்.

விடுமுறை வேறு, விடுமுறைக் காலச் சம்பளம் வேறு. வேலைச் சட்டத்துக்கு உட்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 98 நாள் விடுமுறை உண்டு. சம்பளத்துக்கு, அதாவது சட்டம் 'அலவன்ஸ்' என்று சொல்லும் தொகைக்கு, இரண்டு நிபந்தனைகள். ஒன்று, குழந்தை பிறப்பதற்கு முந்தைய நான்கு மாதத்தில் என்றைக்காவது ஒரு நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். இரண்டு, பிறப்பதற்கு முந்தைய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளுக்குக் குறையாமல் அதே முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். அந்த 90 நாள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. விட்டு விட்டு இருந்தாலும் கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரசவ நேரத்தில் உயிருடன் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் விடுமுறை உண்டு, அலவன்ஸ் இல்லை. அதேபோல், 22 வாரக் கர்ப்பத்துக்குப் பிறகு குழந்தை இறந்து பிறந்தாலும் அது பிரசவம்தான் என்று சட்டம் சொல்கிறது. குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் "பிள்ளைதான் இல்லையே, வேலைக்கு வா" என்று யாரும் சொல்ல முடியாது.

நேயர்களே, இந்த நிபந்தனைகளில் 'நிரந்தரம்' என்ற சொல் எங்காவது வந்ததா? 'கன்ஃபர்ம்' ஆன ஊழியர் என்று வந்ததா? இல்லை. சட்டம் உங்கள் பதவியின் பெயரைப் பார்க்கவில்லை. நாளைத்தான் எண்ணுகிறது. ஆறு மாத ஒப்பந்தமோ, ஓராண்டு ஒப்பந்தமோ, நாள் கூலியோ, கணக்கு ஒன்றுதான்.

"ஆனால் நான் கையெழுத்துப் போட்ட தாளில் பிரசவச் சம்பளம் கிடையாது என்று எழுதியிருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் 43ஆவது பிரிவில் பதில் இருக்கிறது. இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதினால் அந்த வாசகம் செல்லாது. நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது.

இரண்டு ஒப்பந்தம், இரண்டு விதி

ஓர் எச்சரிக்கை. ஒப்பந்தம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வகை ஒளிந்திருக்கிறது. ஒருவருக்குக் கீழ் ஊழியராக வேலை செய்வது ஒரு வகை. சொந்தத் தொழில் செய்பவராக ஒரு வேலையை எடுத்து முடித்துக் கொடுப்பது இன்னொரு வகை. வீட்டில் இருந்தபடி பல கடைகளுக்குப் பலகாரம் செய்து கொடுப்பவரும், நான்கைந்து நிறுவனங்களுக்கு மொழிபெயர்ப்புச் செய்பவரும் இரண்டாவது வகை. அவர்களுக்கு வேலைச் சட்டத்தின் மகப்பேற்றுப் பகுதி பொருந்தாது.

சில முதலாளிகள் இதைத்தான் சாதகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். காலை எட்டு மணிக்கு வர வேண்டும், அவர்கள் கொடுத்த சீருடை போட வேண்டும், அவர்கள் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும், மாதம் பிறந்தால் சம்பளம். ஆனால் பிரசவம் என்றதும், "நீ எங்கள் ஊழியர் இல்லை, ஃப்ரீலான்ஸ்" என்கிறார்கள்.

இதற்காகவே 2023இல் 101சி என்ற புதிய பிரிவு வந்தது. எழுத்து மூலமான வேலை ஒப்பந்தம் இல்லாதபோது, வேலை நடந்த விதத்தைப் பார்த்து ஊழியர் என்று அனுமானிக்க அது இடம் கொடுக்கிறது. வேலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள், நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள், கருவிகளை யார் கொடுக்கிறார்கள், அந்த வேலை நிறுவனத்தின் முக்கியப் பகுதியா, சீரான இடைவெளியில் பணம் வருகிறதா, உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி அதுதானா என்பவற்றைப் பார்ப்பார்கள். ஆகவே, பெயரைக் கேட்டுப் பின்வாங்காதீர்கள்.

பத்து நாளில் தவறிப்போகும் கணக்கு

இப்போது நம் பெண்கள் அதிகம் வேலை செய்யும் ஓர் இடத்துக்கு வருகிறேன். பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் துப்புரவு வேலை. அங்கே முதலாளி பள்ளிக்கூடம் அல்ல, குத்தகை எடுத்த நிறுவனம். டெண்டர் முடிந்தால் நிறுவனம் மாறும். கூட்டுகிற தளம் அதே தளம், பிடிக்கிற துடைப்பம் அதே துடைப்பம், சட்டையில் இருக்கும் பெயர் மட்டும் வேறு.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு சகோதரிக்கு அக்டோபர் 20ஆம் தேதி குழந்தை பிறக்கிறது. பழைய குத்தகை நிறுவனம் ஜூலை 31ஆம் தேதியோடு விலகியது. ஆகஸ்டு முதல் தேதி புதிய நிறுவனம் வந்தது. அவர் ஒரு நாள்கூட வேலையை விடவில்லை. புதிய நிறுவனத்திடம் அலவன்ஸ் கேட்டால் கணக்கு எத்தனை நாள்? ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் 19 வரை, 80 நாள். தேவை 90. பத்து நாள் குறைகிறது! புதிய நிறுவனம் விடுமுறை கொடுக்க வேண்டும், அலவன்ஸ் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கதை முடிந்ததா? இல்லை. பழைய நிறுவனத்தைப் பாருங்கள். அக்டோபர் 20இலிருந்து நான்கு மாதம் பின்னால் போனால் ஜூன் 20. அந்த நான்கு மாதத்துக்குள், ஜூலை 31 வரை, அவர் பழைய நிறுவனத்தில்தான் இருந்தார். முதல் நிபந்தனை சரி. ஒன்பது மாதம் பின்னால் போனால் ஜனவரி 20. அன்றிலிருந்து ஜூலை 31 வரை 190 நாளுக்கு மேல். இரண்டாவது நிபந்தனையும் சரி. பழைய நிறுவனம் அலவன்ஸ் கொடுக்கக் கடமைப்பட்டது, வேலை முடிந்து இரண்டரை மாதம் கழித்துப் பிறந்த குழந்தைக்கும்!

ஆனால் இங்கேதான் ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது.

மௌனம் பறிக்கும் பணம்

வேலைச் சட்டத்தின் 40ஆவது பிரிவை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகிற ஒரு பெண்ணுக்கு, அன்றிலிருந்து நான்கு மாதத்துக்குள் பிரசவம் ஆகும் என்று தெரிந்திருந்தால், போவதற்கு முன்பே தான் கர்ப்பமாக இருப்பதை முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் போனால் அலவன்ஸ் உரிமை போய்விடும். அந்தத் துப்புரவுத் தொழிலாளி ஜூலை 31க்கு முன் சொல்லியிருந்தால் ஆறாயிரத்துச் சொச்சம். சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

வேலையில் தொடர்கிறவர்களுக்கும் கடமை உண்டு. எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்தைய 60 நாளுக்குள், எந்தத் தேதியிலிருந்து விடுமுறை எடுக்கப் போகிறீர்கள் என்று தெரிவிக்க வேண்டும். இதில் தாமதமானால், தெரிவிக்கும்வரை பணம் நிறுத்தி வைக்கப்படலாம்.

நம் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். தலைப்பிரசவம் என்றால் தாய்வீடு. ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துப் போகிறார்கள். பெண் கிள்ளானில் வேலை செய்வாள், அம்மா வீடு சுங்கை சிப்புட்டில் இருக்கும். "எப்படியும் திரும்ப எடுக்க மாட்டார்கள்" என்று சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிடுகிறாள். ஏழாம் மாதம் என்றால் பிரசவத்துக்கு இரண்டு, மூன்று மாதம்தான். நான்கு மாதக் கணக்குக்குள் வருகிறாள், 90 நாளும் வேலை செய்திருக்கிறாள். விலகல் கடிதத்தில் கூடுதலாக ஒரு வரி, "நான் கர்ப்பமாக இருக்கிறேன், இந்த மாதம் குழந்தை எதிர்பார்க்கிறேன்" என்று எழுதியிருந்தால் போதும். கண்பட்டுவிடும் என்று வெளியே சொல்லாமல் இருப்பது பெரியவர்கள் சொன்ன பழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் சொல்ல வேண்டாம். ஆனால் முதலாளிக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

"சொன்னால் வேலை போய்விடுமே!"

இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. 2009 ஜனவரியில் உலு லங்காட்டில் நூர்ஃபடில்லா அகமட் சைக்கின் என்ற பெண் தற்காலிக ஆசிரியையாக நியமிக்கப்பட்டார். விளக்கக் கூட்டத்தில் யாரெல்லாம் கர்ப்பமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் உண்மையைச் சொன்னார். நியமனம் திரும்பப் பெறப்பட்டது. அவர் நீதிமன்றம் போனார். 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், கர்ப்பத்தைக் காரணம் காட்டி நியமனத்தை மீட்டுக்கொண்டது பால் அடிப்படையிலான பாகுபாடு, அரசியலமைப்பின் 8ஆவது விதிக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அவருடையதும் நிரந்தர வேலை அல்ல, தற்காலிக வேலைதான் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் அது அரசாங்க வேலை. தனியார் துறைக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. விமானப் பணிப்பெண்ணாக இருந்த பீட்ரிஸ் பெர்னாண்டஸ், கர்ப்பமானால் விலக வேண்டும் என்ற கூட்டு ஒப்பந்த விதியால் 1991இல் வேலை இழந்தார். 2005இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் அவர் வெற்றி பெறவில்லை. தனிப்பட்ட தரப்பினருக்கு இடையிலான ஒப்பந்தத்துக்கு அரசியலமைப்பின் சமத்துவ விதி பொருந்தாது என்பதே அன்றைய நிலை.

2023இல் அந்த இடைவெளி ஓரளவு அடைபட்டது. புதிய 41ஏ பிரிவின்படி, கர்ப்பமாக இருக்கும் பெண்ணை வேலையிலிருந்து நீக்குவதும், நீக்கும் நோட்டீஸ் கொடுப்பதும் குற்றம். ஒப்பந்தத்தை வேண்டுமென்றே மீறியது, ஒழுங்கீனம், நிறுவனம் மூடப்படுவது ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு. கர்ப்பம் காரணமல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம்.

மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவு நீக்கத்தைத் தடுக்கிறது. "நான் நீக்கவில்லை, ஒப்பந்தம் தானாக முடிந்தது, புதுப்பிக்கவில்லை" என்று முதலாளி சொன்னால்? ஒப்பந்தப் பெண்ணின் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இதற்கும் முழுக்க வழியில்லாமல் இல்லை. 2020இல் அகமட் ஸாஹ்ரி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு வந்த குறித்த கால ஒப்பந்தத்தை உண்மையில் நிரந்தர வேலை என்றே கருதியது. ஆண்டுதோறும் உங்கள் ஒப்பந்தம் கேள்வியில்லாமல் புதுப்பிக்கப்பட்டு, கர்ப்பமான ஆண்டில் மட்டும் நின்றுபோனால் கேள்வி கேட்க இடமிருக்கிறது. வேலைநீக்கப் புகாரை 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் கொடுத்துவிட வேண்டும்.

அப்படியே புதுப்பிக்காமல் போனாலும் நான் முன்பு சொன்ன கணக்கை நினைவில் வையுங்கள். பிரசவத்துக்கு முந்தைய நான்கு மாதத்துக்குள் ஒப்பந்தம் முடிந்திருந்தால், வேலை போனாலும் அலவன்ஸ் போகாது. சொல்லாமல் மறைத்தால் வேலையும் போகும், பணமும் போகும். சொன்னால் பணமாவது மிஞ்சும். பயந்து மௌனமாக இருப்பதுதான் இரட்டை நஷ்டம்.

செக்ரோல் போன பிறகு

தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார்களுக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் அவர்கள் பெயர் செக்ரோலில் இருந்தது. எத்தனை நாள் பிரட்டுக்கு வந்தார்கள் என்பதற்கு அந்தப் புத்தகம் சாட்சி. இன்றைய குத்தகைத் தொழிலாளிக்குச் செக்ரோல் கிடையாது. அவளுக்கான சாட்சியை அவளே சேர்த்து வைக்க வேண்டும்.

சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஊழியர் சேமநிதிக் கணக்கில் எந்த மாதம் எந்த நிறுவனம் பணம் கட்டியது என்று எடுத்து வையுங்கள். சொக்சோ பதிவு, வங்கியில் சம்பளம் ஏறிய விவரம், மேற்பார்வையாளர் அனுப்பிய வேலை நேரப் பட்டியல், கிளினிக் கொடுத்த தாய்சேய் புத்தகம், எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். கர்ப்பத்தைத் தெரிவிக்கும் கடிதத்தில் பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் கைப்பேசியில் செய்தியாக அனுப்பி, அழிக்காமல் வையுங்கள்.

அலவன்ஸ் தர மறுத்தால் அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. தலைமை இயக்குநரின் சார்பில் அதிகாரி இரு தரப்பையும் விசாரித்து உத்தரவு போட முடியும்.

முதலாளி பக்கமும் நியாயம் உண்டு

மூன்று பேர் வேலை செய்யும் சிறு கடைக்காரர், ஒருவருக்கு 98 நாள் சம்பளமும் கொடுத்து மாற்று ஆளுக்கும் கொடுப்பது எளிதல்ல. இந்த 37ஆவது பிரிவில் முழுச் சுமையும் ஒரே முதலாளியின் தலையில் விழுகிறது. அதனால்தான் சிலர் திருமணமான இளம் பெண் என்றாலே தயங்குகிறார்கள்.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 183ஆவது உடன்படிக்கை, 2000இல் உருவானது, 14 வார விடுமுறையைக் குறைந்தபட்ச அளவாக வைத்தது. நம் 98 நாள் அதே அளவுதான். ஆனால் அந்த உடன்படிக்கை, இந்தச் செலவைத் தனியொரு முதலாளி மீது சுமத்தாமல் சமூகக் காப்புறுதி அல்லது பொதுநிதி வழியாகக் கொடுக்க வேண்டும் என்பதையே பொது விதியாகச் சொல்கிறது. பக்கத்துச் சிங்கப்பூரில் அரசாங்கமும் பங்கு ஏற்கிறது. குறுகிய கால ஒப்பந்தத்தால் விடுமுறைத் தகுதி பெறாத தாய்மார்களுக்கு, 2013 ஜனவரி 1 முதல் அரசாங்கமே பணம் தரும் திட்டம் வந்தது. குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும், பிறப்புக்கு முந்தைய 12 மாதத்தில் தாய் குறைந்தது 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். முதலாளி மாறினாலும் அந்தத் தாய் நடுத்தெருவில் நிற்பதில்லை.

எல்லா முதலாளிகளும் மாதாமாதம் சிறிது பணம் போட்டு, ஒரு பொதுநிதியிலிருந்து மகப்பேற்றுச் சம்பளம் கொடுத்தால் சின்னக் கடைக்காரரும் தப்பிப்பார், குத்தகை மாறும் பெண்ணும் தப்பிப்பாள். பத்து நாள் குறைந்தது என்று யாரும் கைவிரிக்க வேண்டியிருக்காது. தொழிற்சங்கங்களும் நம் சமூக இயக்கங்களும் இதைக் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

சட்டம் திருந்த நாளாகலாம். குழந்தை காத்திருக்காது. ஆகவே, வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் இன்றிரவே ஒரு நாள்காட்டியை எடுங்கள். மருத்துவர் சொன்ன தேதியைக் குறித்துக்கொண்டு நான்கு மாதம் பின்னால் எண்ணுங்கள், ஒன்பது மாதம் பின்னால் எண்ணுங்கள். யாரிடம் எத்தனை நாள் வேலை என்று கூட்டுங்கள். பிறகு ஒரு கடிதம் எழுதுங்கள். மகளுக்கு எழுதத் தெரியாவிட்டால் மருமகன் எழுதிக் கொடுக்கட்டும். வளைகாப்புக்கு நாள் பார்க்கும் மாமியார்மார்கள், கடிதம் கொடுத்தாயிற்றா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.